அறைக்குள் வளர்ந்த மிளகாய்ச் செடிகளில் சிலந்திப் பேனை ஒழித்த அனுபவம்

எல்இடி விளக்கொளியில், மூடிய அறைக்குள் தொட்டிகளில் வளர்ந்துவந்த மிளகாய்ச் செடிகளின் இலைகளில் ஊசி முனையால் குத்தியது போன்ற வெளிர் புள்ளிகள் தென்பட்டபோது, அது சத்துக் குறைபாடா பூச்சித் தாக்குதலா என்று பிரித்தறிவதே முதல் வேலையாயிற்று. குறைபாடு என்றால் மஞ்சள் நிறம் நரம்புகளுக்கு இடையிலோ இலையின் ஓரத்திலோ ஓர் ஒழுங்கோடு பரவும். இங்கோ புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டியதும், தூசி போல் விழுந்தவற்றில் சில மெல்ல நகரத் தொடங்கின. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் எட்டுக் கால்களும் முதுகின் இருபுறமும் ஒவ்வொரு கருந்திட்டும் தெளிவாகத் தெரிந்தன. இலையின் அடிப்புறத்தில் கண்ணாடி மணிகள் போல் உருண்டையான முட்டைகளும் இருந்தன. இரட்டைப் புள்ளிச் சிலந்திப் பேன் என்பதில் ஐயமே இல்லை.

எட்டுக் கால்களை எண்ணிப் பார்த்தது வீண் வேலையன்று. சிலந்திப் பேன் பூச்சியினத்தைச் சேர்ந்ததல்ல, சிலந்தியினத்தைச் சேர்ந்தது. ஆகவே பூச்சிகளுக்கென்று விற்கப்படும் மருந்துகள் பலவும் அதனிடம் செல்லுபடியாவதில்லை. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் பரவலாகப் பயன்படும் இமிடாகுளோபிரிட் சிலந்திப் பேனைக் கொல்வதில்லை என்பதோடு, அதைத் தெளித்த செடிகளில் பேன்கள் பெருகுவதும் உண்டு. மேலும், பறித்துச் சமைக்கப்போகும் காய்களைத் தாங்கும் செடியில், அதுவும் நாம் மூச்சு விடும் அறைக்குள், ஊடுருவிப் பாயும் நஞ்சைத் தெளிக்க எனக்கு மனம் வரவில்லை.

அறைக்குள் இந்தப் பேன் ஏன் இத்தனை வேகமாகப் பெருகுகிறது என்பது புரிந்த பிறகுதான் எதைச் செய்வது என்பதும் தெளிவாயிற்று. வெளியே மழை அதைக் கழுவிவிடும், இரைதேடும் வண்டுகளும் வேறு இனப் பேன்களும் அதைத் தின்னும்; அறைக்குள் அதற்குப் பகையென்று எதுவுமில்லை. விளக்கின் வெப்பமும் வறண்ட காற்றும் சேர்ந்து 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் நிலவும் இடத்தில், முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முழுப் பேனாகிவிடுகிறது. ஒரு பெண் பேன் தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை, சில வேளைகளில் அதற்கும் மேலாகவும் இடக்கூடும். கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண் பேன்கள் பிறப்பதால், தனியாக வந்துசேரும் ஒற்றைப் பெண்ணே ஒரு கூட்டத்தைத் தொடங்கப் போதும். ஆகவே மருந்தின் கடுமையைவிட, எத்தனை நாள் இடைவெளியில் திரும்பத் தெளிக்கிறோம் என்பதே முக்கியம் என்று கணக்கிட்டுக்கொண்டேன்.

தாக்கப்பட்ட தொட்டிகளை முதலில் வேறிடத்துக்கு மாற்றினேன். உச்சியில் வலை பின்னத் தொடங்கியிருந்த செடியைக் காப்பாற்ற முயலாமல், வேரோடு பிடுங்கிப் பையில் போட்டு இறுகக் கட்டி அகற்றிவிட்டேன். அந்த நிலையை எட்டிய செடியில் செலவிடும் நேரத்தில் மற்றவற்றுக்கும் பரவிவிடும். எஞ்சிய செடிகளில் மோசமான இலைகளைக் கிள்ளிய பின், மண் கரையாதபடி தொட்டியின் வாயை நெகிழித் தாளால் மூடி, செடியைச் சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். இந்த எளிய வேலை பேன்களில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது என்பது என் கருத்து.

அடுத்து வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி என்ற அளவில் எடுத்து, முதலில் அதைச் சிறிது திரவச் சோப்போடு நன்றாகக் குழைத்து, பிறகே வெதுவெதுப்பான நீரைச் சேர்த்தால் எண்ணெய் பிரிந்து மிதக்காது. துணி வெளுக்கும் சோப்புத்தூள் இலையைக் கருக்கிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. ஓர் இலையில் மட்டும் தெளித்து மறுநாள் பார்த்து, தீங்கில்லை என்று உறுதியான பின், விளக்கை அணைத்த நேரத்தில் அடிப்புறம் சொட்டச் சொட்ட நனையும்படி தெளித்தேன். விளக்கு எரியும்போது தெளித்தால் இலை கருகுவதோடு, வேம்பின் செயற்பொருளான அசாடிராக்டினும் ஒளியில் விரைவில் சிதைந்துவிடும். கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

இந்தக் கரைசலில் உள்ள சோப்பு, ஈரமாக இருக்கும்வரை, தன் மேல் பட்ட பேனை மட்டுமே கொல்லும். முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். அவை பொரிந்து, வளர்ந்து, மீண்டும் முட்டையிடுவதற்குள் அடுத்த தெளிப்பு நடந்தாக வேண்டும் என்பதால் நான்கு நாளுக்கு ஒரு முறை என்று வகுத்துக்கொண்டு, கண்ணுக்குப் பேனே தென்படாமல் போன பின்னும் இருமுறை தொடர்ந்தேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இந்தக் கட்டத்தில் விட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்க நேரும். சிலந்திப் பேனை இரையாகத் தின்னும் வேறு இனப் பேன்களை வாங்கிச் செடிகளில் விடுவது இன்னொரு வழி. எனினும் எண்ணெய்ப் படலம் அவற்றையும் கொன்றுவிடும் என்பதால் இரண்டையும் ஒருசேரக் கையாள இயலாது.

இடையில், ஓயாமல் நனைந்த தொட்டி மண்ணில் பூஞ்சைக் கொசுக்கள் கிளம்பின. மேல்மண் இரண்டு அங்குலம் காயும்வரை நீர் ஊற்றாமல் இருந்தும், பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிட்டும், மண்ணில் உள்ள புழுக்களுக்கு பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் நுண்ணுயிரி கலந்த நீரை ஊற்றியும் அவற்றை அடக்கினேன்.

புள்ளி விழுந்த பழைய இலைகள் மீண்டும் பச்சை ஆவதில்லை. ஆகவே புதுத் தளிர்களின் அடிப்புறத்தையே லென்ஸால் பார்த்து நிலைமையைக் கணித்து வந்தேன். புதிய செடி எதுவானாலும் இப்போது இரண்டு வாரம் தனி இடத்தில் இருந்த பிறகே அறைக்குள் சேர்கிறது. தண்ணீர் ஊற்றும்போதும் நலமான செடிகளை முதலில் முடித்துக்கொண்டு, ஐயத்துக்குரியவற்றைக் கடைசியில்தான் தொடுகிறேன்.