முழங்கை முழுசாக நீள்கிறதா? ஜேஐஏ உள்ள குழந்தையின் கையைப் பார்த்துக்கொள்ளும் விதம்

சிறார் மூட்டழற்சி (ஜேஐஏ) முழங்கையில் வந்தால் வலியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. குழந்தை "வலிக்குது" என்று சொல்வதற்கு முன்பே கை முழுசாக நீள்வது நின்றுவிடும். தோளும் மணிக்கட்டும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுவதால் எழுத்தும் சாப்பாடும் வழக்கம்போல நடக்கும்.

எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும், ஒரே நேரத்தில், ஒரே சுவர் முன்னால் அளவு எடுப்போம். நேரம் மாறினால் அளவும் மாறும்; காலை விறைப்பில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் ஒப்பிட முடியாது. இரண்டு கையையும் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே இருக்கும்படி வைக்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து போட்டோ எடுங்கள். பல குழந்தைகளுக்கு முழங்கை நேர்கோட்டையும் தாண்டி லேசாகப் பின்னால் வளையும். அதனால் நோயுள்ள கை 'நேராக' நிற்பதே குறைவுதான், மறு கையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அடுத்து முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பச் சொல்லி, இதையும் மறு கையோடு ஒப்பிடுங்கள். முழங்கையின் பின்பக்கம், நுனி எலும்புக்கு இருபுறமும் இருக்கும் பள்ளம் நிரம்பி மொத்தையாகத் தெரிந்தால் மூட்டுக்குள் வீக்கம் இருக்கிறது.

மூட்டழற்சி 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாதபோதுதான் இதை ஜேஐஏ என்கிறார்கள். உறுதிசெய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒரே மூட்டில் இருந்தால் ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மலாகவே வரலாம், பெரியவர்களின் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நெகட்டிவ்தான். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அல்ட்ராசவுண்டில் மூட்டுக்குள் நீரும், மூட்டின் தடித்த உள்சவ்வும் தெரியும். காய்ச்சலோடு கையைத் தொடவே விடவில்லை என்றால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நம் ஊரில் ஒற்றை மூட்டு என்றால் காசநோயையும் விலக்கியாக வேண்டும். ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி, வெளிறிய முகம் இருந்தால் ரத்தப் புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகே ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து).

முதலில் பெரும்பாலும் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் நாப்ராக்சென் தருவார்கள்: நாளுக்கு, கிலோ எடைக்கு 10–15 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்குப் பின். அதில் அடங்காவிட்டால் மூட்டுக்குள் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் போடுவார்கள். போட்டபின் ஒரு நாள் கைக்கு ஓய்வு. ஊசி போட்ட இடத்தில் தோல் குழியலாம், வெளுக்கலாம். மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரியும்.

மெத்தோட்ரெக்சேட் (நோயெதிர்ப்பைத் தணித்து மூட்டழற்சியை அடக்கும் மருந்து) எழுதினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அது வாரத்துக்கு ஒரு முறை மட்டும். தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சீட்டிலேயே கிழமையை எழுதி வாங்குங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சின்னதாக, மஞ்சளாக இருக்கலாம். இரண்டையும் ஒரே டப்பாவில் போடவே கூடாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், அதற்குள் "கேக்கலை" என்று நிறுத்திவிடாதீர்கள். குமட்டலுக்காகச் சனிக்கிழமை இரவு கொடுப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு வசதி. ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். அம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. இதிலும் அடங்காவிட்டால், அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசிகள், காசநோய்ப் பரிசோதனைக்குப் பிறகு.

பயிற்சியில்தான் பலர் வீட்டில் கெடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெய் தேய்த்து உருவி, கையை இழுத்து நீட்டுவது வேண்டவே வேண்டாம். முழங்கையை முரட்டுத்தனமாக இழுத்தால் உள்ளே ரத்தம் கசிந்து, சுற்றியுள்ள தசையில் எலும்பு படியும் ஆபத்து உண்டு. 10–15 நிமிடம் துணி சுற்றிய வெந்நீர்ப் பை, பிறகு குழந்தை தானாகவே மடக்கி நீட்டட்டும். மல்லாந்து படுத்து, மேல்கைக்கடியில் மடித்த துண்டு வைத்து, முன்கையை அதன் எடையிலேயே தளர விட்டால் போதும். பல்லைக் கடித்தால் நிறுத்திவிடுங்கள். இரவுப் பட்டை (ஸ்பிளின்ட்) கொடுத்திருந்தால் காலையில் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்புத் தடம் அரைமணி நேரமாகியும் மறையவில்லை என்றால் பட்டையைத் திருத்த வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் நரம்பு அழுந்துகிறது, கழற்றிவிட்டுக் காட்டுங்கள். பகலிலும் கட்டியே வைத்தால் மூட்டு இன்னும் இறுகும்.

அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 டிகிரி வரை (நேராக நீண்ட கை 0 டிகிரி) அசைவு போதும். 15 டிகிரி நீட்டம் குறைந்தாலும் யாருக்கும் தெரியாததற்கு அதுதான் காரணம். மடக்கம் குறைந்தால் கதை வேறு: சோற்றைக் கையால் எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளை, கவளம் வாய்க்கு எட்டாமல் தலையைக் குனிந்துகொண்டு போகும். தலைகுனிந்து சாப்பிடுவதைக் கண்டால் திட்டாமல் முழங்கையை அளந்து பாருங்கள்.

கண்ணை மறக்கவே கூடாது. ஜேஐஏவோடு வரும் கண் அழற்சியில் பெரும்பாலும் சிவப்பும் இருக்காது, வலியும் இருக்காது, பார்வை மட்டும் போகும். ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாகி, 7 வயதுக்குள் நோய் தொடங்கிய பிள்ளைக்கு முதல் சில ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒரு முறை ஸ்லிட் லேம்ப் பரிசோதனை (கண்ணின் உட்பகுதியை நுண்ணோக்கியால் பார்ப்பது) தேவை. முழங்கை சரியாகி மருந்தை நிறுத்திய பிறகும், கண் மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை அது தொடர வேண்டும்.