ஷெட் சாவி

மே 5
எங்கள் பளுதூக்கும் ஷெட் மாஸ்டரை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். "ஷெட் சாவி யார்கிட்ட?" என்று கேட்டார். என்னிடம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் இல்லை.

மே 6
அக்கினி வெயில். பாலாற்றுப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது. கீழே மணலும் முள்ளும்தான். சாவி டீக்கடை அண்ணனிடமும் இல்லை.

மே 7
பகல் முழுக்க வராந்தாவில், மாஸ்டரின் அக்காவோடு. "கல்யாணம் வேணாம்னான், சரின்னு விட்டோம். பி.எஃப். பணத்தையும் இரும்பாவே வாங்கிப் போட்டுட்டான்டி" என்றார். நான் என்ன சொல்ல? அந்த இரும்பைத் தூக்கித்தான் எங்களில் ஒன்பது பேர் ரயில்வேயிலும் போலீசிலும் சம்பளம் வாங்குகிறோம்.

2000 செப்டம்பர். சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். பேப்பரை மடித்துக்கொண்டு மாஸ்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஒன்று என்றால் என்று அப்பா இழுத்தார். "வெயிட்டு மாட்டாத காலி பார் 20 கிலோ சார். உங்க பொண்ணு குழாயடியிலேருந்து ரெண்டு குடம் தூக்கிட்டு வர்றா, அது இதைவிட வெயிட்டு" என்றார். ஆனால் அந்தக் காலி பாரைக்கூட உடனே தொடவிடவில்லை. ஆறு வாரம் வெறும் மூங்கில் கழி. அழுதிருக்கிறேன்.

மே 9
விடியற்காலை 4.40. போய்விட்டார். தினமும் எழுந்திருக்கிற நேரம்.

மே 11
சத்துவாச்சாரி முழுக்க போஸ்டர். 'தியாகச் சுடர்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒரு பையன் ஸ்நாட்ச் அடித்து, ஒரே இழுப்பில் தூக்கித் தலைக்கு மேல் நிறுத்தும்போது மாஸ்டரின் வாய் தானாகத் திறந்துகொள்ளும், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்களுக்குத் திறக்குமே, அப்படி. 2014ல் சதீஷ் சிவலிங்கம் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினான். அவன் எங்கள் ஷெட் பையன்கூட இல்லை. இவர் கடன் சொல்லி லட்டு வாங்கி ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். தியாகியா இது? ஆசைப்பட்டதைச் செய்துகொண்டே கிடந்த மனுஷன்.

கோபக்காரரும்தான். சொல்லாமல் எடை ஏற்றி முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன் என்று மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் நான் போகவே இல்லை. வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம்.

மே 12
வேர்வை பட்ட பாரைத் துடைக்காமல் விட்டால் துரு பிடிக்கும். எத்தனை நாள் ஆயிற்று?

மே 14
பூட்டை உடைக்கலாம் என்கிறார்கள் பையன்கள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். நான் யார் சொல்ல?

மே 17
ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அக்கா இன்றுதான் பிரித்தார். வேட்டி, கண்ணாடி, பாதி மாத்திரை அட்டை. அடியில் அரைஞாண் கயிறு, அறுத்தபடியே. சாவி அதில்தான் கோத்திருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது கழற்றியிருப்பார்கள். அதைத்தான் கேட்டிருக்கிறார்.

மே 18
ஐந்து மணிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஏழு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பாரில் கை பிடிக்கிற இடங்களில் மட்டும் துரு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தோம். மெஷின் ஆயில் வாங்க வேண்டும். புதிதாக ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். மூங்கில் கழி விரிசல் விட்டிருக்கிறது, வேறு பார்க்க வேண்டும்.