சருகு மூடிய தரையில் கால் வைக்க

எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம். வீட்டை ஒட்டிக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. தை மாதம் இலை கொட்டித் தரையே தெரியாது. அப்போது நான் நடந்து பழகிய தடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். ரப்பர் பால் வடிய மரத்தில் கட்டிய சிரட்டை கழன்று சருகில் கிடந்தால் என் மனைவிதான் போய் எடுத்து வருவாள். ஓய்வு பெற்று வந்த நாள் முதல் இப்படித்தான்.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரன், ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு. ஆபரேஷன் பராக்ரம் என்று பாகிஸ்தான் எல்லையில் படையைக் குவித்த சமயத்தில், ராஜஸ்தான் பக்கம் கண்ணிவெடி புதைத்தோம். பிறகு 2002-ல் நாங்களே தோண்டி எடுத்தோம். காற்றில் மணல் நகர்ந்து, வரைபடத்தில் இருக்கும் இடம் ஒன்று, வெடி கிடக்கும் இடம் ஒன்று என்று ஆகிவிடும். அப்படி ஒரு காலையில் என் பக்கத்தில் இருந்தவனுக்குக் கால் போனது.

தூக்கம் வராமல் முதலில் போன ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பட்டாளத்தில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருடம் அதையே விழுங்கினேன்.

கடைசியில் மனைவிதான் 14416-க்குப் போன் போட்டாள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், காசு கிடையாது. அவர்கள் சொன்னபடி ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டோடு அதன் பாலிகிளினிக் போனேன். டாக்டர் ஐந்தே கேள்விதான் கேட்டார்: கெட்ட கனவு, ஒதுங்கிப் போவது, திடுக்கிடுவது, மரத்துப் போவது, குற்ற உணர்வு. ஐந்துக்கும் ஆமாம் என்றேன். உளவியலாளரிடம் அனுப்பினார். அங்கே பி.டி.எஸ்.டி. (பழைய அதிர்ச்சி மனதை விடாத நோய்) எவ்வளவு என்று பார்க்க 20 கேள்வித் தாள். 80-க்கு எனக்கு 51. முப்பதைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம்.

"சின்னதா ஆரம்பிப்போம் சார். அஞ்சு தடவை வாங்க. போதலைன்னா அடுத்த படிக்குப் போகலாம்" என்றார் அந்தப் பெண். 2018-ல் அமெரிக்காவில் 12 அமர்வுப் பேச்சுச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்த ஐந்து அமர்வு எழுத்துச் சிகிச்சையும் அதற்குக் குறைவாக இல்லை என்றும் சொன்னார்.

வேலை இதுதான்: ஒரு பேனா, வெள்ளைத்தாள், அரை மணி நேரம். வெடி வெடித்த அந்த ஒரே காலைப்பொழுதைத் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். முதல் தடவை தேதி, யூனிட், இடம் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, "இது ரிப்போர்ட் சார். உங்க கை என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க" என்றார். அன்றுதான் கால் போனவனின் பூட்ஸ் கயிற்றைப் பற்றி எழுதினேன். மணலும் ரத்தமும் ஊறி முடிச்சு இறுகிவிட்டது. என் விரலுக்கு அவிழவே இல்லை. இதை அதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வாரம் தூக்கம் இன்னும் கெட்டது. நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். இப்படி வரும் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் திரும்பப் போனேன். நண்பர்களே, அந்த வாரத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நான்காவது தடவை எழுதும்போது கை நடுங்கவில்லை.

ஐந்து முடிந்ததும் 51 என்பது 30 ஆனது. இந்தத் தை மாதம் தடத்தை விட்டு இறங்கி, சருகில் கிடந்த ஒரு சிரட்டையை எடுத்து மரத்தில் மாட்டினேன். சட்டை நனைந்துவிட்டது. மனைவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

'நான் அவனைத் தள்ளி உட்காரச் சொல்லியிருக்கலாமே' என்பது மட்டும் இன்னும் உள்ளே கிடக்கிறது. அதற்காக அடுத்த படி, 12 அமர்வுச் சிகிச்சை, தொடங்கியிருக்கிறோம். மூன்று முடிந்திருக்கிறது.