பறக்காவெட்டிக்கு ஒரு லத்தீன் சொந்தக்காரன்

சொதிச் சாப்பாட்டுப் பந்தியில் தன் இலையை விட்டுவிட்டுப் பக்கத்து இலையையே பார்த்துக்கொண்டிருப்பவனை நெல்லைப் பக்கம் பறக்காவெட்டி என்போம். ஆங்கிலத்தில் 'கிரீடி' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதிகம் புழங்காத இன்னொரு சொல்லும் உண்டு: 'இசூரியன்ட்'. உச்சரிக்கும்போது அழுத்தம் 'சூ'வில் விழ வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த லத்தீன் சரக்கு இது.

லத்தீனில் 'எடெரே' என்றால் சாப்பிடுவது. அது 'ஏஸ்' என்று திரிந்து, அதோடு 'உரீரே' என்ற விகுதி சேர்ந்தால் 'ஏசுரீரே'. சாப்பிடணும் போல இருப்பது, அதாவது பசிப்பது. எந்தச் செயலையும் அதைச் செய்யத் துடிக்கிற துடிப்பாக மாற்றுவதுதான் அந்த விகுதியின் வேலை. ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சிறுநீர் கழிப்பதைக் குறிக்கும் 'மிக்சூரிஷன்', பிரசவ வேளையில் இருப்பவளைக் குறிக்கும் 'பார்ச்சூரியன்ட்' இரண்டும் அதே அச்சுதான். 'பசித்திருக்கிற' என்ற பெயரெச்ச வடிவம் 'ஏசுரியென்ஸ்'. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

லத்தீனில் இதற்குப் பேராசை முதல் பொருளே இல்லை. லூக்கா 1:53, மரியாளின் பாடல்: 'பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி'. லத்தீன் வேதாகமத்தில் அந்தப் பசியுள்ளவர்கள் 'ஏசுரியென்தெஸ்'. அதே வசனத்தில் வெறுங்கையோடு அனுப்பப்படுகிறவர்கள் ஐசுவரியவான்கள். ஏழையின் பசிக்கு இருந்த சொல்லை ஆங்கிலம் பேராசைக்காரனுக்கும் தூக்கிக் கொடுத்தது கொஞ்சம் அநியாயம்தான்.

அகராதியில் பசி என்ற பொருள் இன்னும் இருக்கிறது. ஆனால் மத்தியானம் சாப்பிடாமல் வந்தவனுக்கு இதைப் போட்டால் கிண்டலாகத் தொனிக்கும். கண்ணில் பசி தெரிகிறவனுக்கே பொருந்தும். அடுத்தவன் வயலைப் பிடுங்குகிறவனுக்கு 'ரபேஷியஸ்'. அது 'ரபெரே', பறிப்பது, என்ற லத்தீன் வினையில் பிறந்தது. பணத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு இன்னும் தேடுகிறவனுக்கு 'அவரிஷியஸ்'.

'யூசூரியஸ்' என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓசைதான் நெருக்கம். அதன் வேர் வேறு: 'ஊசூரா', கடனுக்கு வாங்கும் வட்டி. கந்துவட்டிக்காரனுக்கு அதுதான் சரியான சொல். அவன் பந்தியிலும் பறக்கிறவனாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே போடலாம்.