மிதிக்க ஓர் ஆள்

"இவ்வளவு பழைய வண்டியின் பிரேக்கில் எங்கள் பையன்கள் கை வைக்க மாட்டார்கள், துடைத்து வீட்டு வாசலில் அழகுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று, என் பழைய வண்டிக்குப் பவர் பிரேக் மாட்டித் தரக் கேட்டதற்கு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் புறநகர்ப் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. நாமக்கல்லில் ஒரு வண்டியைப் பார்த்து ஆகாது என்று சொல்லும் மெக்கானிக் மறுநாள் கடை திறக்க முடியாது. பாகம் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்தாவது மாட்டி, சாயங்காலத்துக்குள் வண்டியைச் சாலைக்கு அனுப்பிவிடுவார்.

என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டு செவர்லே சி-10 பிக்கப். ஆறு சிலிண்டர் இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்கும் காலுக்குத் துணைநிற்கும் பூஸ்டர் கிடையாது. சமதரையில் பிரச்சினை இல்லை. ஆனால் பிட்ஸ்பர்க்கில் சமதரை ஏது? பீச்வியூ பகுதியில் இருக்கும் கேன்டன் அவென்யூவின் சரிவு 37 சதவிகிதம். அந்தப் பக்கம் நான் போவதே இல்லை என்றாலும், எங்கள் வீட்டருகே இருக்கும் சாதாரண இறக்கத்திலேயே சிக்னலில் நிற்பதற்கு என் மனைவி இருக்கையை விட்டு எழுந்து பிரேக்கின் மேல் நிற்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தவள், "இனிமே இதுல நான் கால் வைக்க மாட்டேனுங்க" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டாள்.

அதனால் பூஸ்டரை வாங்கி நானே மாட்டத் துணிந்தேன். பவர் பிரேக் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை ஒரு குழாய் வழியாக பூஸ்டருக்குக் கொண்டுவருகிறார்கள். நாம் பிரேக்கை மிதித்ததும் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வின் ஒரு பக்கம் வெளிக்காற்று புகுந்து அதைத் தள்ளுகிறது. வெற்றிடம் 20 அங்குலப் பாதரச அளவில் இருந்தால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 பவுண்டு அழுத்தம் கிடைக்கும் என்பதால், 8 அங்குல விட்டமுள்ள சவ்வு கணக்குப்படி 500 பவுண்டு அளவுக்கு நம் காலுக்குத் துணைநிற்கும். அந்தத் துணை இல்லாத வண்டியில் பெடலின் நெம்பு விகிதம், அதாவது கால் விசையை அது பெருக்கும் அளவு, ஆறுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். பூஸ்டர் வைத்தால் நாலுக்கு ஒன்று போதும். இதைச் சரிசெய்யாமல் பூஸ்டரை மட்டும் மாட்டினால், தொட்ட மாத்திரத்தில் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும்.

என்னைக் கேட்டால், பூஸ்டரைவிட அதனுடன் வந்த இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்குத்தான் காசு தகும். மிதித்ததும் பிரேக் ஆயிலை பைப்புகள் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான். பழையதில் ஒரே அறை. எங்காவது ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். செவர்லே பிக்கப்புகளில் 1967 மாடலில்தான் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனி அறை வந்தது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பில் என் வண்டியின் பைப்புகள் துருவேறி, ஸ்பேனர் வைத்ததும் நட்டின் முனைகள் மழுங்கி வழுக்கின. அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் பைப்பை வளைத்துப் போட்டேன்.

இதுவரை எல்லாம் தனி ஆளின் வேலை. அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது பிரேக் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் படுத்து, காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பரமத்தி சாலையில் இருந்த மாமாவின் பட்டறையில் இதற்கென்று யாரையும் தேடியதே இல்லை. அம்பாசிடருக்கு அடியில் இருந்தபடி "மிதிங்க தம்பி" என்று மாமா குரல் கொடுத்தால், டீ வாங்கி வந்த கிளீனரோ, வேறு வண்டிக்குக் காத்திருந்த டிரைவரோ, பள்ளிவிட்டு வந்த நானோ ஏறி உட்கார்ந்துவிடுவோம். இங்கே எங்கள் தெருவில் பகலில் கண்ணில் படுவது கூரியர் வண்டிதான். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பனி வாரவும் குளிரைப் பற்றிப் புலம்பாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு பெடலை மிதிக்கச் சொல்லி எந்தக் கதவைத் தட்டுவது என்பது இன்னும் தெரியவில்லை. ரயிலுக்கு ஏர் பிரேக் கண்டுபிடித்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் கம்பெனி தொடங்கியது இதே பிட்ஸ்பர்க்கில்தான். நாமக்கல் லாரிகள் புஸ்ஸென்று மூச்சுவிட்டு நிற்பதற்கு மூலகாரணமான ஊரில் எனக்கு ஒரு கால் கிடைக்கவில்லை.

தனி ஆளுக்கென்று கையால் உறிஞ்சும் பம்பு ஒன்று விற்கிறார்கள். நிப்பிளின் மரை வழியாக அதுவே காற்றை இழுத்துக்கொள்வதால், உண்மையான குமிழி எது, பொய்க் குமிழி எது என்று தெரியாது. கடைசியில் மனைவி ஆபீஸ் மீட்டிங்கை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். ஊரில் அது இடப்பக்கப் பின் சக்கரம். இங்கே ஸ்டியரிங் இடப்புறம் இருப்பதால் வலப்பக்கப் பின் சக்கரம். கை பழக்கதோஷத்தில் இடப்பக்கம் போக, நானே திருத்திக்கொண்டேன்.

"மிதி! அழுத்திப் பிடி! விடாதே!" என்று வண்டிக்கடியில் இருந்து நான் போட்ட சத்தத்தில், நாயுடன் நடந்துபோன எதிர்வீட்டு முதியவர் நின்று, "எல்லாம் நலம்தானா?" என்று என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார். அவள் சிரித்தபடி மிதித்துக்கொண்டே ஆமாம் என்றாள். பழுப்பு நிறப் பழைய ஆயில் குமிழி குமிழியாகக் கண்ணாடிக் குழாயில் ஏறி, பின் தேன் நிறத்தில் குமிழியே இல்லாமல் வந்தபோது நிப்பிளை இறுக்கினேன்.

இன்ஜினை நிறுத்தி வைத்துப் பலமுறை மிதித்து, காலை அழுத்திய நிலையிலேயே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். "ஐயோ, கால் உள்ள போகுது!" என்று பதறினாள். அப்படி ஓர் அங்குலத்துக்குள் இறங்கினால்தான் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள்.

அன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு வண்டி இறக்கியவர். "பாதி எறக்கத்துல இஞ்சின் நின்னு போச்சுன்னா என்னடா பண்ணுவே?" என்றார். ஒருவழி வால்வு வெற்றிடத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஓரிரு மிதிக்குத் தாங்கும், அதன் பிறகும் பிரேக் பிடிக்கும், கால்தான் வலிக்கும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "செகண்ட் கியர்ல எறக்கு. சரி, ஹேண்ட் பிரேக் புடிக்குதா?" என்று கேட்டார்.

பிடிக்கவில்லை. கேபிளுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.