பத்தமடை சார் கழுவச் சொன்ன குழாய்

கண்ணாடிக் குழாய் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கழுவிக் கவிழ்க்கும்போது உள்சுவரைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஒரே படலமாக வழுக்கி இறங்கினால் சுத்தம். முத்து முத்தாக ஒட்டி நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. "ஆனா சோப்பு இருந்தாலும் தண்ணி இப்படித்தாம்ல வழுக்கும். கண்ணை ஏமாத்திரும். அதனால அலசுறதை மட்டும் எண்ணிக்கிட்டே அலசணும்" என்பார் எங்கள் பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி வாத்தியார் பத்தமடை சார்.

அரசு ஆஸ்பத்திரிகளில் லேப் டெக்னீசியனாக இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்யும் எதைத் தொட்டாலும், அதன் அடியில் அந்தப் பள்ளிக்கூட லேபின் சிமென்ட் தொட்டியும் ஒழுகும் குழாயும் வந்து நிற்கின்றன.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார்களுக்குச் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. வேலைக்கு வந்த ஒரு மாதத்தில் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்ளும். வீரவநல்லூர் சார், களக்காட்டு டீச்சர், பத்தமடை சார். எங்கள் கெமிஸ்ட்ரி சாருடைய உம்மா பாய் நெய்தவர். தாமிரபரணிக் கோரையைக் கத்தியால் கீறிக் கீறி, நூல்போல ஆக்கி நெய்கிற பாய். கீறல் எவ்வளவு மெல்லிசோ பாய் அவ்வளவு மெத்து. "எங்க உம்மாக்குக் கண்ணு மங்கிப்போச்சு. ஆனா ஒரு கோரை சொத்தைன்னா விரல்லயே தெரிஞ்சிரும். உருவிப் போட்டுருவாக. வாங்குறவனுக்குத் தெரியவா போகுது? இருந்தாலும் போட்டுருவாக" என்று ஒருதடவை சொன்னார். பாடத்தோடு சேர்த்துச் சொன்ன மாதிரிக்கூட இல்லை. பிப்பெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பிளஸ் டூ பிராக்டிகலில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதியாக வேண்டும். பெர்மாங்கனேட்டை வைத்து ஃபெரஸ் சல்ஃபேட்டை அளக்கிற பருமனறி பகுப்பாய்வு. பிப்பெட்டில் 20 மில்லி எடுத்துக் குடுவையில் விட்டு, மேலே அளவுக்கோடு போட்ட ப்யூரெட் குழாயிலிருந்து ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். விழுந்த சொட்டின் நிறம் விழுந்த இடத்திலேயே மறையும். ஒரு சொட்டில் மறையாமல் வெளிர் ரோஸ் நிற்கும். அங்கே நிறுத்தி அளவு பார்க்க வேண்டும். எனக்கு அன்றைக்கு ஒவ்வொரு தடவையும் ரோஸைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்துப் பையனுக்கு 19.2 வந்திருந்தது. அதையே இரண்டு வரியிலும் எழுதி நோட்டை நீட்டினேன்.

சார் நோட்டைப் பார்த்தார். பிறகு என் ப்யூரெட்டைப் பார்த்தார். அதில் கரைசல் 23-க்குக் கீழே நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்து எல்லாரும் கிளம்பும்போது, "நீ மட்டும் நில்லுல" என்றார்.

அடி விழும் என்று நினைத்தேன். அவர் குடுவைக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, "இப்ப திற" என்றார். திருகைப் பிடித்த என் கை நடுங்கியது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தை இல்லை.

"மத்தியானம் சாப்ட்டியாலே?"

சாப்பிட்டிருக்கவில்லை. எம்.ஜி.ஆர். 1982-இல் கொண்டுவந்த சத்துணவு எங்களைப் போன்றவர்களைப் பத்தாம் வகுப்புவரை கொண்டுவந்து சேர்த்தது. பிளஸ் ஒன்னில் தட்டு கிடையாது. பதினாறு வயதில் பசி குறைந்துவிடுவதும் இல்லை. மத்தியான மணி அடித்தால் நான் வேப்பமரத்தடிக்குப் போய்ப் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். படிக்கிற பையன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

சார் வெளியே போய் நாலு ஆமவடை கட்டிய பேப்பரோடு வந்தார். தின்னும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி ஆரம்பித்தோம். மற்றக் கரைசலுக்கெல்லாம் ப்யூரெட்டில் வளைந்து நிற்கிற பரப்பின் கீழ் விளிம்பைப் பார்க்க வேண்டும், பெர்மாங்கனேட் அடர்ந்த நிறம் என்பதால் இதற்கு மட்டும் மேல் விளிம்பு என்பதை அன்றைக்குத்தான் என் கண்ணே கண்டது. 19.3 வந்தது. திரும்பவும் 19.3.

"அவனுக்கு 19.2, உனக்கு 19.3. இது உன்னுது. தப்பாவே இருந்தாலும் உன்னுதா இருந்தா திருத்திக்கலாம். அடுத்தவன்கிட்ட வாங்குனதை எப்படிலே திருத்துவ?"

மறுநாளிலிருந்து மத்தியானம் லேப் சாவி என்னிடம். குழாய் கழுவ ஆள் வேண்டும் என்று மற்ற சார்களிடம் சொல்லிவிட்டார். சாவியோடு ஒரு டிபன் பாக்ஸும் அலமாரியில் இருக்கும். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வேலைக்குக் கூலி போல அது இருக்கட்டும், தானம் போல இருக்க வேண்டாம் என்று அவர் யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, எனக்கே ஒரு பையன் பிறந்த பிறகுதான் உறைத்தது.

லேப் படிப்பு படித்தது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில். அங்கே ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்த சீனியர் அக்கா ஒருவர் இருந்தார். அவர் யாரிடமும் "நீங்க இசக்கியம்மாளா?" என்று கேட்க விடமாட்டார். "உங்க பேரு என்னம்மா?" என்றுதான் கேட்க வேண்டும். பயந்து கிடக்கிற ஆள் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டிவிடும். அதுவும் நம் ஜில்லாவில் ஒரு வார்டில் மூன்று இசக்கியும் இரண்டு சுடலையும் படுத்திருப்பது சாதாரணம். பெயர், தகப்பன் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ, ஊர். மூன்றையும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, அவர்கள் முன்னாலேயே ட்யூபில் எழுத வேண்டும். அக்காவுக்கு என் கடன் இதோடு முடியாது. ஆனால் இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு.

பங்குனி மாதம். பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. ஒரு மணி சுமாருக்கு ஒரு அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். களத்தில் நெல்லுக்குக் காவல் இருந்தபோது காலில் "என்னமோ கடிச்சிட்டு". பாம்பைப் பார்த்தவர் இல்லை.

வயல்காட்டில் எங்களுக்கு முதல் பயம் கண்ணாடி விரியன். மானாவாரிப் பக்கம் போனால் சுருட்டை விரியன். விரியன் விஷம் ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தாறுமாறாகத் தூண்டிவிட்டுத் தீர்த்துவிடும். பிறகு உறைவதற்கு ரத்தத்தில் சரக்கு இருக்காது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம், சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிஷம். அசைக்கக்கூடாது, தொடக்கூடாது. 20 நிமிஷம் முடிந்ததும் ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் இப்போதைக்கு நிம்மதி. தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்தைத் திறக்க வேண்டும். பெரியவர், குழந்தை வித்தியாசமில்லாமல் பத்து குப்பியில் ஆரம்பிப்பார்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லையே. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை.

அந்த அம்மாவின் ரத்தம் ஓடியது. கட்டி என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லை.

டியூட்டி டாக்டர் சின்ன வயசு. "ஓடுதுண்ணே, ஆரம்பிச்சிரலாம்" என்றார். நான் காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை. கடிவாயில் கசிவு இல்லை. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நின்றுவிட்டது. நோயைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை. ஆனால் சோதனை என் வேலை. உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது சார் விடாமல் கேட்பார்: "உப்பே போடாம ஒரு குழாய் வச்சியாலே? சோதனையை முதல்ல சோதி. அப்புறம் உப்பைச் சோதிக்கலாம்."

குழாயையே ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சையே அடைத்துவிடும். தேவைப்பட்டால் அதற்காகக் கொடுக்கத் தயங்கக்கூடாது, தேவையில்லாமல் கொடுக்கவும் கூடாது. டிரிப் ஏற்றி, மருந்தையும், அது ஒத்துக்கொள்ளாமல் போனால் போடுகிற அட்ரினலினையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, "இருபது நிமிஷம்ணே. ஏதாவது அறிகுறி வந்தா காத்திருக்கமாட்டேன்" என்று அந்த அம்மாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். என்னை நம்பி அவர் எடுத்த அந்த முடிவை நான் இன்றுவரை மதிக்கிறேன்.

என் கையில் நானே குத்தி ரத்தம் எடுத்தேன். அதை, முதல் சோதனைக்குக் குழாய் எடுத்த அதே ஸ்டாண்டிலிருந்த இன்னொரு குழாயில் விட்டேன். அந்த அம்மாவிடம் மறுபடி எடுத்ததை, அலமாரியில் பிரிக்காமல் இருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு புதுக் குழாயில் விட்டேன். நேரத்தை எழுதி ஒட்டினேன்.

அந்த 20 நிமிஷத்தில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் லேப் வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். கால் முழுக்கக் காய்ந்த சேறு. "சார், பொழைச்சிக்கிடுவாளா?" என்றார். பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. "அண்ணாச்சி, ராத்திரி சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று தெரிந்தது. அவர் சாப்பிடவில்லை. என் பையில் இருந்த பன்னை அவரிடம் கொடுத்துவிட்டு, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

நேரம் முடிந்தது. என் ரத்தத்தைச் சாய்த்தேன். தண்ணீராக ஓடியது. எந்தப் பாம்பும் என்னைக் கடிக்கவில்லை. அடுத்ததைச் சாய்த்தேன். அந்த அம்மாவின் ரத்தம் குழாயின் அடியில் கெட்டியாக, கருஞ்சிவப்பாக, அசையாமல் நின்றது.

குழாயில் விட்ட ரத்தம் கண்ணாடியின் சுவரைத் தொடுவதால்தான் உறைய ஆரம்பிக்கிறது. பிளாஸ்டிக் குழாய் இந்தச் சோதனைக்கு ஆகாது என்பது அதனால்தான். கண்ணாடிமேல் சோப்புப் படலம் இருந்தாலும் அதே கதை. டிரெய்னிங்குக்கு வந்திருந்த பையன் சாயங்காலம் அந்தக் குழாய்களைச் சோப்புத்தூள் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்திருந்தான். தண்ணீர் அழகாக வழுக்கியிருக்கும். அவன் கண்ணை அது ஏமாற்றியிருக்கும்.

அந்த அம்மாவை ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுக் குழாய். ஒவ்வொரு தடவையும் கட்டியது. நடந்தே வீட்டுக்குப் போனார்.

காலையில் வந்த பையன் விஷயம் கேட்டு வெளிறிப்போனான். கோபம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவனைத் திட்ட வாயைத் திறக்கும்போது, இந்தக் குழாயைச் சோப்பில் போடக்கூடாது என்று அவனுக்கு யார் சொன்னது என்று யோசித்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதைத்தான் அவனிடம் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கு 2 மில்லி எடுத்து, சோப்பில் கழுவியதிலும் புதியதிலும் விட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேசாமல் 20 நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அவன் சாய்த்துப் பார்த்தான். அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு அவன் சங்கரன்கோவில் பக்கம் ஒரு லேபில் பொறுப்பில் இருக்கிறான். பாம்புக்கடிக் குழாயைக் கழுவவே விடுவதில்லையாம், ஒருமுறையோடு தூக்கிப் போட்டுவிடுவானாம்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் இனி கணக்கில் வரும். இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று ஆராய்ச்சிக் கணக்கு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், வயலில் நிற்கிறவர்கள். அந்த உத்தரவைப் படித்தபோது எனக்குச் சேறு காய்ந்த அந்தக் கால்கள்தான் ஞாபகம் வந்தன.

போன ஆடி மாதம் ஒரு காலையில் சர்க்கரைச் சோதனைக்கு வரிசை நின்றது. பிரம்பைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பத்தமடை சார். எழுந்து நின்றுவிட்டேன். என்னைத் தெரிந்தது அவருக்கு. "நீ குழாய் கழுவுன பையன்லா?" என்றார்.

சீட்டில் அவர் பெயர் இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டும். வாத்தியாரைப் பார்த்துப் பெயர் என்ன என்று கேட்க நம் ஊரில் நாக்கு எழாது. கேட்டேன். "உங்க பேரு சொல்லுங்க சார்." அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு பிராக்டிகல் பரீட்சையில் பதில் சொல்கிற மாணவனைப் போல முழுப்பெயரையும், வாப்பா பெயரையும், ஊரையும் ஒழுங்காகச் சொன்னார். அவர் முன்னாலேயே எழுதினேன்.

"இந்த ட்யூபுக்குச் சாம்பல் நிற மூடி எதுக்குலே?"

"உள்ளே சோடியம் ஃபுளோரைடு இருக்கு சார். எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைச் சாப்பிட்டுக்கிட்டே இருக்கும். அதை நிறுத்தி வைக்கும். இல்லேன்னா ரிசல்ட் குறைச்சலா காட்டிரும்."

"சரி" என்றார். மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறவர் போல உதடு அசைந்தது.

இதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால், ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து, "அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க சார், கையை மடக்காதீங்க" என்றேன். பின்னால் வரிசை நகர்ந்தது. அடுத்த ஆள் வந்தார், அதற்கடுத்த ஆளும் வந்தார். சார் பெஞ்சின் ஓரத்தில் கையை நீட்டி வைத்தபடி, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.