டெராஃப்ளாப்ஸை நீங்களே பெருக்கிப் பாருங்கள்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்க உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது டெராஃப்ளாப்ஸ், அதாவது கார்டு நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்குகளைச் செய்யும் என்ற எண். யாரோ கார்டை ஓட்டிப் பார்த்து அளந்த எண் என்றே பலர் நினைக்கிறார்கள். அது வெறும் பெருக்கல்: கோர்களின் (கணக்குச் செய்யும் சிறு அலகுகள்) எண்ணிக்கை × 2 × பூஸ்ட் கிளாக் (கார்டுக்குச் சொல்லப்படும் உச்ச வேகம்). அந்த 2 எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு கோர் ஒரே கட்டளையில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் முடிக்கும். அதை இரண்டு வேலையாக எண்ணுகிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3070-இல் 5888 கோர், பூஸ்ட் 1.725 கிகாஹெர்ட்ஸ். பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 20.3 டெராஃப்ளாப்ஸ். எல்லாக் கோர்களும் எல்லா நொடியும் சும்மா இருக்காமல் இந்த ஒரே வகைக் கட்டளையை ஓட்டினால் கிடைக்கும் உச்சம் இது. எந்த கேமும் அப்படி ஓடாது.

இப்போது ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யை எடுங்கள். 4352 × 2 × 1.545, அதாவது 13.4. தாளில் 3070 அதைவிட ஒன்றரை மடங்கு. கேம்களில் ஓட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கின்றன. மீதி எங்கே போனது?

கோர் எண்ணும் முறை நடுவில் மாறிவிட்டது, அதுதான் காரணம். 2080 டிஐ டூரிங் தலைமுறை. அதன் ஒவ்வொரு எஸ்எம் தொகுதியிலும் (கோர்களின் ஒரு கூட்டம்) தசமக் கணக்குக்கு 64 பாதை, முழு எண் கணக்குக்குத் தனியாக 64 பாதை. முதல் 64 மட்டுமே கோர் என்று எண்ணப்பட்டது. 3070 ஆம்பியர் தலைமுறை. இதில் அந்த இரண்டாவது 64 பாதைகளும் தசமக் கணக்கைச் செய்யக் கற்றுக்கொண்டன. அதனால் தொகுதிக்கு 128 கோர் என்று அச்சாகிறது. ஆனால் முழு எண் கணக்கு மறைந்துவிடவில்லை. அது வரும்போதெல்லாம் அந்த இரண்டாவது பாதியிலிருந்துதான் இடம் பிடிக்கும்.

எவ்வளவு இடம்? கேம் ஷேடர்களில் (படத்தை வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல்கள்) 100 தசமக் கட்டளைக்குச் சுமார் 36 முழு எண் கட்டளை வருவதாக டூரிங்கை அறிமுகம் செய்தபோது என்விடியாவே சொன்னது. 136-இல் 100 என்றால் 73.5 சதவீதம். 20.3-ஐ அதால் பெருக்கினால் 14.9. டூரிங்கில் முழு எண் வேலை தனிப் பாதையில் போவதால் 13.4 அப்படியே நிற்கிறது. ஒன்றரை மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் 11 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அதையும் 2080 டிஐ-யின் மெமரி வேகம் ஈடுகட்டிவிடுகிறது: அதற்கு நொடிக்கு 616 ஜிபி, 3070-க்கு 448.

ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸில் 6144 கோர், 2.5 கிகாஹெர்ட்ஸ். நம் சூத்திரத்தில் 30.7 வருகிறது, பட்டியலிலோ 61.4 என்று இருக்கும். இந்தக் கார்டின் தலைமுறையான ஆர்டிஎன்ஏ 3-இல் இரண்டு கட்டளைகளை ஜோடி சேர்த்து ஒரே சுற்றில் அனுப்ப முடியும் என்பதால் இன்னொரு 2 சேர்ந்துகொள்கிறது. அந்த ஜோடியைக் கம்பைலர் (நிரலைக் கார்டின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாக் கட்டளையும் ஜோடி சேராது. ஆகவே டெராஃப்ளாப்ஸை ஒரே தலைமுறைக்குள், ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். 3060-க்கும் 3070-க்கும் நடுவே அது நல்ல அளவுகோல். 3080-இன் 29.8-ஐயும் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி-யின் 20.7-ஐயும் பக்கத்தில் வைத்தால் தவறான முடிவுக்கே போவீர்கள். கேம்களில் அவை நெருக்கமான போட்டியாளர்கள்.

என்னைக் கேட்டால் டெராஃப்ளாப்ஸுக்கு முன் பார்க்க வேண்டியது மெமரி பேண்ட்விட்த், அதாவது கார்டின் மெமரியிலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவு வந்துபோகும் என்பது. இதற்கும் கணக்கு எளிது: பஸ் அகலம் × மெமரி வேகம் ÷ 8. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டில் 192 பிட், 15 ஜிபிபிஎஸ் (நொடிக்குக் கிகாபிட்; பைட்டாக்கத்தான் 8-ஆல் வகுப்பது). நொடிக்கு 360 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 4060-இல் 128 பிட், 17 ஜிபிபிஎஸ்; 272 ஜிபி. புதிய கார்டு இங்கே பின்தங்குகிறது. ஆனால் டெராஃப்ளாப்ஸில் 4060 முன்னால்: 15.1-க்கு 12.7.

எது ஜெயிக்கும் என்பது வேலையைப் பொறுத்தது. 4060-இல் எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி) 24 எம்பி, 3060-இல் 3 எம்பி. 1080பி கேமில் திரும்பத் திரும்பத் தேவைப்படும் தரவில் பெரும்பகுதி அந்தக் கேஷிலேயே கிடைத்துவிடும், மெமரிக்குப் போகும் வேலை குறையும், 4060 முந்துகிறது. 4கே-க்குப் போனால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கான தரவும் பெருத்துவிடும், கேஷில் கிடைப்பது குறையும், குறுகிய பஸ் வெளியே தெரிய ஆரம்பிக்கும். மொழி மாடலை வீட்டிலேயே ஓட்டுகிறவர்களுக்குக் கேஷ் இந்த அளவில் கைகொடுக்காது. ஒவ்வொரு டோக்கனுக்கும் (மாடல் எழுதும் சொல் அல்லது சொல்துண்டு) மாடல் முழுவதையும் ஒருமுறை மெமரியிலிருந்து படித்தாக வேண்டும். 6 ஜிபி மாடல் என்றால் 3060-இன் உச்சவரம்பு 360 ÷ 6, நொடிக்கு 60 டோக்கன், 4060-க்கு 45. நடைமுறையில் இரண்டுமே இதற்குக் கீழேதான் வரும், ஆனால் வரிசை மாறாது. 10 ஜிபி மாடல் என்றால் பேச்சே இல்லை, 4060-இன் 8 ஜிபிக்குள் அது அடங்காது.

அடங்காவிட்டால் என்ன ஆகும்? மிச்சம் கணினியின் ரேமுக்கு வழிந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாக வந்து போகும். 4060-க்கு அதில் 8 லேன் (தரவு போகும் தடம்) மட்டுமே. பிசிஐஇ 4.0-இல் அது ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, பழைய 3.0 மதர்போர்டில் 8 ஜிபி. 272 எங்கே, 8 எங்கே! சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக இருந்தும் கேம் திக்கித் திக்கி ஓடினால் முதலில் விஆர்ஏஎம் (கார்டின் சொந்த மெமரி) நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். 4 லேனும் 4 ஜிபியும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை 3.0 போர்டில் போடவே வேண்டாம்.

ஏஐ டாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி ஏஐ கணக்கு) எண்ணுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்டிஎக்ஸ் 4090-இன் 1321 டாப்ஸ், எஃப்பி8 (ஒரு எண்ணுக்கு 8 பிட்) துல்லியத்தில் சொன்னது. 5090-இன் 3352 டாப்ஸ், எஃப்பி4 (4 பிட்) துல்லியத்தில். பிட் பாதியானாலே எண் இரட்டிக்கும். போதாததற்கு இரண்டுமே ஸ்பார்சிட்டி (மாடலில் பூஜ்ஜியமாக உள்ள எண்களைத் தவிர்க்கும் உத்தி) சேர்த்த எண்கள். அது இல்லாமல் இரண்டும் பாதி.

பெயரை நம்பியும் வாங்காதீர்கள். 3060-இலேயே 8 ஜிபி மாடல் ஒன்று உண்டு; அதில் பஸ் 128 பிட், பேண்ட்விட்த் 240 ஜிபி. ஜிடி 1030-இன் ஜிடிடிஆர்5 மாடலில் 48 ஜிபி, டிடிஆர்4 மாடலில் வெறும் 16.8. லேப்டாப் 4070-இல் 4608 கோர், 8 ஜிபி. டெஸ்க்டாப் 4070-இல் 5888 கோர், 12 ஜிபி. லேப்டாப்பில் இன்னொரு சிக்கல், அதே சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை தயாரிப்பாளர் விருப்பப்படி அமைக்கலாம். வாட் எண் போடாத விவரப் பட்டியலை வைத்து லேப்டாப் கார்டை ஒப்பிட முடியாது.

கார்டு கைக்கு வந்ததும் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி டைப், பஸ் விட்த், பேண்ட்விட்த் மூன்றையும் உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க இணைப்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓட்டினால் உண்மையான வேகம் வரும். அப்போதும் வேகமோ லேன் எண்ணிக்கையோ ஏறவில்லை என்றால் கார்டைக் கழற்றித் திரும்ப அழுத்திப் பொருத்துங்கள், வேறு ஸ்லாட்டில் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பல போர்டுகளில் கீழே உள்ள நீள ஸ்லாட்டுக்கு 4 லேன் மட்டுமே போகும்.